பழையாற்றில் மீன் திரும்ப என்னென்ன வேண்டும்?

சுருளகோட்டுப் பக்கம் உருவாகி மணக்குடியில் கடல் சேரும் பழையாறு 40 கிலோமீட்டர்கூட இல்லாத சின்ன ஆறு. பூதப்பாண்டி, தாழக்குடி வழியாக வயல்களுக்கு நடுவே வந்து, ஒழுகினசேரியில் நாகர்கோவிலைத் தொட்டு, சுசீந்திரம் தாண்டி மணக்குடிக் காயலில் இறங்குகிறது. நகரத்துக்கு மேலே மலையடிவாரத் தண்ணீர், கீழே கடல், நடுவில் சில கிலோமீட்டர் சாக்கடை கலந்த நீர். மீன்களைப் பொறுத்தவரை இந்த அமைப்பு ஒரு பெரிய நல்வாய்ப்பு. உலகத்தில் செத்துப்போன நகர ஆறுகள் பலவற்றில், தண்ணீரைச் சுத்தம் செய்த பிறகும் மீன் எங்கிருந்து வரும் என்ற கேள்வி பாக்கி நின்றது. பழையாற்றுக்கு மேலேயும் விதை இருக்கிறது, கீழேயும் விதை இருக்கிறது. நடுவில் உள்ள பகுதி மூச்சுவிடும்படி ஆகவேண்டும், வழி திறக்கவேண்டும். வேலை முழுக்க இந்த இரண்டில்தான்.

முதலில் மூச்சு. 28 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். 15 டிகிரி குளிர் ஆறு என்றால் 10 மில்லிகிராம் வரை பிடிக்கும். ஆகவே நம் ஊர் ஆறு தொடக்கத்திலேயே குறைந்த கையிருப்போடு நிற்கிறது. தண்ணீர் சூடாக இருப்பதால் மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜனோ அதிகம். மீன் வாழவும் பெருகவும் தகுந்த நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த தரத்தில் ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. வாழ்வதற்கு அது போதும். முட்டையும் குஞ்சும் தேறவேண்டுமானால் 5க்கு மேல் இருப்பதே நல்லது.

சாக்கடை இந்தக் கையிருப்பை எப்படித் தின்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவைத்தான் பிஓடி என்கிறோம். 20 டிகிரியில் 5 நாள் வைத்தோ 27 டிகிரியில் 3 நாள் வைத்தோ அளப்பார்கள். வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்கு 150 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். 250 என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆற்று நீரின் பிஓடி 1. கலந்த நீர் 3க்குள் இருக்கவேண்டுமானால் ஒரு லிட்டர் சாக்கடைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். அதே சாக்கடையைச் சுத்திகரித்து 10க்குக் கொண்டுவந்தால் மூன்றரை லிட்டர் போதும்.

இதை நாகர்கோவிலுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் 2,24,849 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாக வெளியேறும் என்ற பொறியியல் வழக்கப்படி நாளொன்றுக்குச் சுமார் 2.4 கோடி லிட்டர். எல்லாம் ஆற்றுக்குப் போவதில்லை. செப்டிக் டேங்கிலும் மண்ணிலும் ஒரு பங்கு நின்றுவிடும். கால் பங்கு மட்டும் அப்படியே ஆற்றில் விழுந்தால்கூட, அதை நீர்க்கச்செய்ய விநாடிக்கு ஏறத்தாழ 300 கனஅடி நல்ல தண்ணீர் இடைவிடாமல் ஓடவேண்டும். அணை திறந்த காலத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணியிலிருந்து எத்தனை கனஅடி விடுகிறார்கள் என்பதை நாளிதழில் பார்த்துவரும் எவருக்கும் இது எவ்வளவு பெரிய எண் என்று விளங்கும். அதுவும் எல்லாச் சானலுக்கும் சேர்த்து விடும் தண்ணீர்.

இங்கேதான் குமரி மாவட்டத்துக்கே உரிய நாட்காட்டி குறுக்கே வருகிறது. கன்னிப்பூ என்னும் முதல் போக நெல்லுக்காக வழக்கமாக ஜூன் 1ல் திறக்கும் அணைகளை, கும்பப்பூ என்னும் இரண்டாம் போகம் முடிந்ததும் பிப்ரவரி கடைசியில் மூடுவார்கள். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் ஆற்றுக்கு வரும் நல்ல நீர் சுருங்குகிறது. நகரத்தின் சாக்கடை மட்டும் சுருங்குவதே இல்லை. இந்தத் தொண்ணூறு நாளில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஓடுவதில் சாக்கடையின் பங்கு ஆண்டிலேயே உச்சத்தில் இருக்கும், நீரும் உச்ச வெப்பத்தில் இருக்கும். ஆண்டுச் சராசரி எடுத்துப் பார்த்தால் ஆறு பரவாயில்லை என்று தோன்றும். மீனுக்குச் சராசரி கிடையாது. பத்து மாதம் நன்றாக இருந்து, மே மாதத்தில் ஒரு விடியற்காலை ஆக்சிஜன் 1 மில்லிகிராமுக்கு இறங்கினால் அந்த ஆண்டின் குஞ்சு அத்தனையும் போய்விடும்.

விடியற்காலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சாக்கடைச் சத்தால் பச்சை பிடித்த நீரில் பகலில் பாசி ஆக்சிஜனை உற்பத்தி செய்யும். பிற்பகல் 3 மணிக்கு அளந்தால் 9, 10 என்றுகூட மீட்டர் காட்டும். இரவில் அதே பாசி மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தின்னும். அதிகாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் அளவு அடிமட்டம் தொடும். அலுவலக நேரத்தில் போத்தலோடு போய் எடுக்கிற மாதிரி இந்த அடிமட்டத்தைப் பார்ப்பதேயில்லை. ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் நிலைமை வேறு மாதிரி: அது விடும் ஆக்சிஜன் காற்றுக்குப் போகிறது, நீருக்கு வருவதில்லை, வெளிச்சத்தையும் மறைக்கிறது. அதை மருந்தடித்தோ வெட்டியோ அங்கேயே அழுகவிடுவது, இருந்ததைவிட மோசமான காரியம். வாரிக் கரையேற்றி, மழைநீர் திரும்ப இழுத்துவராத தூரத்தில் குவிக்கவேண்டும்.

கோடை மழையின் முதல் நாள் இன்னொரு கண்டம். மூன்று மாதம் ஓடையிலும் தெருவோரச் சாக்கடையிலும் தேங்கிய கறுப்புச் சேறு ஒரே மணிநேரத்தில் ஆற்றுக்குள் வரும். ஆற்றின் அடியில் படிந்திருந்த சேறும் கலங்கி, அதில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறும். மழை பெய்தால் ஆறு சுத்தமாகும் என்று நினைப்பவர்களுக்கு, முதல் மழைக்கு மறுநாள் மீன் செத்து மிதப்பது புதிராக இருக்கும். செத்த மீனில் விஷம் தேடுவதற்கு முன் மழை எப்போது பெய்தது என்று கேட்பது நல்லது. லண்டனில் தேம்ஸ் ஆற்றில் இதே சிக்கலுக்காக, ஆக்சிஜனை நேரடியாகத் தண்ணீருக்குள் செலுத்தும் படகுகளையே வைத்திருந்தார்கள். நாளொன்றுக்கு 30 டன் வரை செலுத்தக்கூடியவை. நமக்கு அது கட்டுப்படியாகாது. மே முதல் வாரத்துக்குள் ஓடைகளைத் தூர்வாரி, வாரிய சேற்றைக் கரையிலேயே போட்டுவைக்காமல் லாரியில் ஏற்றிவிடுவது கட்டுப்படியாகும்.

அடுத்தது அம்மோனியா. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சாக்கடையிலும் கோழிக்கழிவிலும் உள்ள புரதம் சிதைந்து அம்மோனியா ஆகிறது. அது நீரில் இரண்டு வடிவில் இருக்கும்: ஒன்று பெரும்பாலும் தீங்கில்லாத அம்மோனியம், மற்றது செவுளைக் கருக்கும் தனி அம்மோனியா. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 28 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 0.7 சதவீதம்தான் தனி அம்மோனியா. பி.எச். 8க்கு ஏறினால் 6.5 சதவீதம். 9 ஆனால் 40 சதவீதத்துக்கு மேல். பாசி பிடித்த நீரில் வெயில் ஏற ஏற பி.எச்.சும் ஏறும். ஆக, ஒரே தண்ணீர் விடியற்காலையில் மூச்சடைத்தும் பிற்பகலில் அம்மோனியாவாலும் மீனைத் தாக்குகிறது. மத்திய வாரியத்தின் மீன்வளத் தரம் தனி அம்மோனியாவுக்கு 1.2 மில்லிகிராம் வரை இடம் கொடுக்கிறது. மீன் வளர்ப்பவர்கள் யாரும் இந்த எண்ணை ஏற்கமாட்டார்கள், 0.05 மில்லிகிராமிலேயே செவுள் கெடத் தொடங்கும் என்பது பண்ணை அனுபவம்.

அதனால் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போதும் என்று சொல்லிவிட முடியாது. பிஓடியை மட்டும் குறைத்து அம்மோனியாவை அப்படியே வெளியே விடும் நிலையம், வேலையில் பாதியைத்தான் செய்கிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் ஆற்றுக்குள் நைட்ரேட்டாக மாற 4.57 மில்லிகிராம் ஆக்சிஜனை எடுக்கும். 20 மில்லிகிராம் அம்மோனியாவோடு வெளிவரும் 'சுத்திகரித்த' நீருக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கடன் இருக்கிறது என்று பொருள். இந்த மாற்றத்தை நிலையத்துக்குள்ளேயே முடிக்கக் காற்றூட்டும் நேரத்தைக் கூட்டவேண்டும், சேற்றிலுள்ள நுண்ணுயிர்களைக் கூடுதல் நாள் தொட்டியில் தங்கவைக்கவேண்டும். மின்கட்டணம் ஏறும். இரவில் காற்றூட்டியை நிறுத்திவிடும் பழக்கம் எங்கே வந்தாலும் முதலில் சாவது இந்த நைட்ரஜன் பாக்டீரியாக்கள்தான். திரும்பத் தலையெடுக்க அவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

கடைசிக் கட்டத்தில் குளோரின் போடுவதும் கவனிக்கவேண்டியது. எஞ்சிய குளோரின் 0.02 மில்லிகிராம் இருந்தாலே பல மீன்களுக்கு ஆபத்து. குடிதண்ணீர்க் குழாயில் 0.2 வேண்டும் என்கிறோம். அதில் பத்தில் ஒரு பங்கு. வெளியேறும் வாய்க்காலுக்கு முன் ஒரு திறந்த குட்டையில் சில மணிநேரம் வெயில் படவிட்டாலே பெரும்பகுதி போய்விடும்.

வயலிலிருந்து வருவதையும் சொல்லவேண்டும், சுருக்கமாக. சைபர்மெத்ரின் வகை மருந்துகள் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே மீனைக் கொல்லும். மருந்தடித்த பிறகு ஒரு வாரம் வயல் மடையை அடைத்துத் தண்ணீரை உள்ளேயே நிறுத்தினால் பெரும்பகுதி சேற்றில் ஒட்டிச் சிதைந்துவிடும். அடித்த அன்றே மழை வந்து மடை உடைந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

தண்ணீர் தேறத் தொடங்கியதும் மீன்கள் ஒரு வரிசையில்தான் திரும்பும். அந்த வரிசையைப் படிக்கத் தெரிந்தால் ஆய்வகம் இல்லாமலே ஆற்றின் நிலையைச் சொல்லலாம். அழுக்கின் உச்சத்தில் எஞ்சுபவை காற்றை நேரடியாக விழுங்கத் தெரிந்தவை: விரால், தேளி, பனையேறிக் கெண்டை. இவை நிறைந்திருப்பது ஆறு நலம் என்பதற்கு அடையாளம் ஆகாது. கூடவே சிலேபி எனும் திலாப்பியா. 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த இந்த மீன் முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கிறது. அடியில் எவ்வளவு சேறு இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கெண்டை இனங்கள் அப்படியல்ல. புதுவெள்ளத்தில் முட்டையைக் கூழாங்கல் மேலும் நீர்ச்செடி மேலும் தூவிவிட்டுப் போய்விடும். ஒரு விரல் உயரச் சேறு மூடிய அடிமட்டத்தில் அந்த முட்டை ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். கரிமீன் கல்லிலோ மரத்துண்டிலோ முட்டையை ஒட்டி, தாயும் தகப்பனும் துடுப்பால் விசிறிக்கொண்டே காவலிருக்கும். ஒட்ட வழுவழுப்பில்லாத சுத்தமான பரப்பு வேண்டும்.

ஆகவே முதலில் சிலேபியும் காற்றை விழுங்கும் மீன்களும் மட்டும். பிறகு பெரிய கெண்டைகள் மேலிருந்து வெள்ளத்தோடு வந்து சில மாதம் தங்கும், கோடையில் காணாமல் போகும். இந்தக் கட்டத்திலேயே ஆறு மீண்டுவிட்டது என்று செய்தி வந்துவிடுவது வழக்கம். அது விருந்தாளி மீன். மூன்றாவது கட்டத்தில்தான் குஞ்சு தென்படும்: சேறு அடித்துப்போய் மணல் வெளிப்பட்ட இடத்தில் அயிரை, ஆரல், இரண்டு விரற்கடை நீளக் கெண்டைக் குஞ்சு. கீழிருந்து மடவையும் கொடுவாவும் ஏறும். விலாங்கு கடைசி, அது கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக ஆற்றுக்குள் வந்து, வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகிறது. கடலிலிருந்து மலையடிவாரம் வரை முழு வழியும் திறந்திருந்தால்தான் மேலே விலாங்கு கிடைக்கும்.

சாக்கடை நின்ற மறுநாளே மூன்றாவது கட்டம் வராததற்கு அடிச்சேறுதான் காரணம். ஒரு சதுர மீட்டர் சேறு நாளொன்றுக்கு 2 கிராம் ஆக்சிஜனை உறிஞ்சுவது சாதாரணம். நீரின் ஆழம் ஒரு மீட்டர் என்றால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் தினமும் அடியிலேயே போகிறது. அணைக்கட்டுகளின் பின்னால் தண்ணீர் அசையாமல் நிற்கும் இடங்களில்தான் இந்தச் சேறு கனமாகப் படியும். ஷட்டர் உள்ள அணை என்றால் வெள்ளக் காலத்தில் அடி ஷட்டரை முழுக்கத் திறந்து சேற்றைத் தள்ளிவிடலாம். அதைக் கோடையில் செய்தால் கீழே உள்ள மீன் முழுக்கச் செத்துவிடும். ஆறு நிறைய ஓடும் ஐப்பசி, கார்த்திகையில் செய்யவேண்டிய வேலை இது.

அணை என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. பழையாற்றின் குறுக்கே சோழன்திட்டை, சபரி, பிள்ளைப்பெத்தான் என்று வரிசையாகப் பாசன அணைகள் உண்டு. பெரிய நீர்த்தேக்கங்கள் அல்ல, வயலுக்குத் தண்ணீரைத் திருப்பும் தாழ்வான கட்டுமானங்கள். நமக்குத் தாழ்வு, பத்து சென்டிமீட்டர் கெண்டைக்கு அது சுவர். மீன் ஒரு விநாடியில் தன் உடல் நீளத்தைப்போல் பத்து மடங்கு தூரம் பாய்ந்து நீந்தும், அதுவும் சில விநாடிகளுக்குத்தான். பத்து சென்டிமீட்டர் மீன் என்றால் விநாடிக்கு ஒரு மீட்டர். தண்ணீர் 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடும். 20 சென்டிமீட்டரிலிருந்து விழுந்தால் விநாடிக்கு 2 மீட்டர். அதனால் ஒரு மீட்டர் உயர அணையில் சின்ன மீன் ஏற, ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் உயரமுள்ள 20 படி வேண்டும். படிக்கு ஒரு மீட்டர் நீளம், முழங்கால் ஆழத்துக்குச் சற்றுக் குறைவான குட்டை. அணையின் ஓரமாக 20 மீட்டர் நீளத்துக்குப் பாறைகளை அடுக்கினால் முடிந்தது. கான்கிரீட் மாளிகை எதுவும் வேண்டாம்.

மீன் ஏணி எனப்படும் இந்தப் படிவரிசையில் இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கும். மீன் ஏணியின் கீழ்வாயை அணையிலிருந்து தள்ளிவைப்பது முதலாவது. மேலே ஏறும் மீன் நீர் விழும் ஓசையையும் ஓட்டத்தையும் தேடி அணையின் காலடிக்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கும். 20 மீட்டர் பின்னால் இருக்கும் வாயை அது திரும்பிப் பார்க்காது. ஏணியின் மேல்வாயைச் சானல் தலைமடைக்குச் சமமாகவோ அதைவிட உயரமாகவோ வைத்துவிடுவது இரண்டாவது. தண்ணீர் குறைந்தால் முழுக்கச் சானலுக்குப் போய் ஏணி காய்ந்துவிடும். மேல்வாய் 15 சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்கவேண்டும். 30 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள வாயில் வெளியேறுவது விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கனஅடி. பாசனக்காரர்கள் தண்ணீர் போகிறதே என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். மேலே உள்ள பெரிய அணைகள் திறந்திருக்கும் மாதங்களுக்கு மட்டும் வாயைத் திறந்துவைத்து, மார்ச்சில் பலகை போட்டு அடைத்துக்கொள்ளலாம். ஏறும் காலமும் புதுவெள்ளக் காலமும் ஒன்றே என்பதால் மீனுக்கு நட்டம் குறைவு. ஏணி வைத்த அணையின் காலடியில் வீச்சுவலை போடுவதை மட்டும் தடுத்தே ஆகவேண்டும். கூடி நிற்கும் மீனை அள்ளுவது எளிது என்பதால் அந்த இடத்துக்குத்தான் முதலில் வலை வரும்.

கீழ்வாசல், காயல் கடலோடு சேரும் மணக்குடிப் பொழிமுகம். கோடையில் கடல் மணலைத் தள்ளிப் பொழியை அடைத்துவிடும். மழைத்தண்ணீர் பெருகினால் திறக்கும். மடவை கடலில் முட்டையிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் குஞ்சாகக் காயலுக்குள் வரும், இறாலும் அப்படியே. பொழி அடைந்திருக்கும் நாளில் அவற்றுக்கு வாசல் இல்லை. அதற்காக நினைத்த நேரத்தில் பொழியை வெட்டிவிடுவதும் ஆபத்து. காயலின் மட்டம் ஒரே நாளில் இறங்கி, அலையாத்தி ஓரம் முட்டையை ஒட்டிவைத்த கரிமீன் கூடுகள் வெயிலில் காய்ந்துபோகும். காயலில் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, அழுகப்போடும் இடங்கள் தனிக் கணக்கு. நார் பிரிய மாதக்கணக்கில் ஊறும் மட்டையிலிருந்து டானினும் ஃபீனாலும் இறங்கி, அடிநீர் முழுக்க ஆக்சிஜன் இழந்து முட்டை நாற்றம் அடிக்கும். லிட்டருக்கு 0.002 மில்லிகிராம் ஹைட்ரஜன் சல்ஃபைடு நீடித்தாலே மீனுக்குத் தீங்கு. மனித மூக்குக்குத் தெரியும் அளவு வந்துவிட்டால் அந்த இடத்தில் குஞ்சு தங்காது. ஓட்டமில்லாத ஒதுக்குகளில் குவிக்காமல் ஓத ஏற்றஇறக்கம் படும் இடத்துக்கு ஊறலை மாற்றினாலே பாதிப்பு வெகுவாகக் குறையும்.

மீன்குஞ்சு விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளைப் பாத்திரத்திலிருந்து ஆற்றில் கவிழ்ப்பது நல்ல புகைப்படம் தரும். அவை கங்கைச் சமவெளி மீன்கள்; குளத்தில் வளர்த்துச் சந்தைக்கு அனுப்ப ஏற்றவை. ஆற்றில் விட்டு, ஆறு மாதம் கழித்துப் பிடித்து, மீன்வளம் பெருகிவிட்டது என்று கணக்குக் காட்டினால் அது போட்டதை எடுத்த கணக்கு. தேம்ஸின் நகரப் பகுதியில் 1957ல் மீனே இல்லை என்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சொன்னது. பெரிய சுத்திகரிப்பு நிலையங்களை விரிவாக்கிய பிறகு நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் தாமாகவே வந்தன. அதே ஆற்றில் 1979 முதல் ஆண்டுக்கணக்கில் விட்ட சால்மன் குஞ்சுகள் நிலைக்கவில்லை. இங்கே இன்னொரு அபாயமும் உண்டு: தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும், கண்ணாடித் தொட்டிக்காரர்கள் 'டாங்க் கிளீனர்' என்று விற்கும் கவச மீனும். இரண்டுமே காற்றை விழுங்கி உயிர் பிழைப்பவை. கவச மீன் கரையைக் குடைந்து முட்டையிடும். ஆறு அரைகுறையாகச் சுத்தமாகி, உள்ளூர் மீன் இன்னும் திரும்பாத இடைவெளியில் இடம் பிடிப்பவை இவைதான்.

மீட்சியை அளக்க விரும்பும் கல்லூரிகளுக்கும் ஊர்க்குழுக்களுக்கும் அதிகச் செலவில்லை. பூதப்பாண்டி, ஒழுகினசேரிக்குச் சற்றுக் கீழே, சுசீந்திரம், காயல் தலைப்பு என நான்கு இடம். பிப்ரவரி, மே, அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று முறை. ஒவ்வோரிடத்திலும் ஒரே கண்ணளவுள்ள வீச்சுவலையால் பத்து வீச்சு. வலையும் வீசும் ஆளும் மாறக்கூடாது. பிடித்த ஒவ்வொரு மீனின் இனத்தையும் நீளத்தையும் குறித்துக்கொண்டு உயிரோடு விட்டுவிடவேண்டும். எண்ணிக்கையைவிட நீளம் முக்கியம். ஒரே அளவு மீன்கள் நூறு கிடைத்தால் அது யாரோ விட்டவை, அல்லது வெள்ளத்தில் வந்தவை. 3, 7, 12 சென்டிமீட்டர் என்று மூன்று வயதுக்கூட்டம் தெரிந்தால்தான் அங்கேயே பிறந்து வளர்கின்றன.

ஆக்சிஜனை அதிகாலை 5 மணிக்கு அளக்கவேண்டும். மீட்டர் இல்லையென்றால் விங்க்ளர் முறை போதும். 300 மில்லி மூடிப் போத்தலை நீருக்குள் முக்கி, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பவேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே பிப்பெட்டை விட்டு மாங்கனீசு சல்பேட் 1 மில்லி, கார அயோடைடு அசைடு 1 மில்லி. மூடிக் குலுக்கினால் வீழ்படிவு இறங்கும். பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே இருந்தால் அந்த நீரில் ஆக்சிஜன் இல்லை, அதற்குமேல் கணக்கே வேண்டாம். படிந்ததும் அடர் கந்தக அமிலம் 1 மில்லி விட்டுக் கரைத்து, அதில் 201 மில்லியை எடுத்து, 0.025 நார்மல் சோடியம் தையோசல்பேட்டால் வெளிர்மஞ்சள் வரும்வரை சேர்த்து, ஸ்டார்ச் துளி விட்டு, நீலம் மறையும்வரை தொடரவேண்டும். செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். அமிலம் சேர்க்கும்வரையிலான வேலையை ஆற்றங்கரையிலேயே முடித்துவிடவேண்டும். போத்தலை அப்படியே கல்லூரிக்குக் கொண்டுபோனால் வழியிலேயே நுண்ணுயிர்கள் பாதியைத் தின்றிருக்கும். அசைடு கொடிய விஷம் என்பதால் கையுறை கட்டாயம், மிச்சத்தை ஆற்றில் ஊற்றக்கூடாது.

மே மாத அதிகாலையில் ஒழுகினசேரிக்குக் கீழே இந்த எண் இரண்டு ஆண்டு தொடர்ந்து 4க்கு மேல் நின்றால், அதையடுத்த பிப்ரவரியில் சுசீந்திரத்தில் வலை போட்டுக் கெண்டைக் குஞ்சைத் தேடலாம். அதற்கு முன் தேடினால் சிலேபிதான் கிடைக்கும்.